எறும்பு முத்திரைக் கத்திகள்

நாங்கள் இருவரும் ஒரே கடையில் பதினொரு வருடம் வேலை பார்த்தோம். மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் நின்று ஃபிரேம் எடுத்துக் காட்டுவதும், "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு சார்" என்று வாய் கூசாமல் சொல்வதும் என் வேலை. பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு சாணைச் சக்கரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அக்காவின் வேலை. கடையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். முதலாளி அவரைவிட ஆறு வயது பெரியவர். அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

ஒல்லியான உடம்பு. கண்ணாடித் தூள் படிந்து விரல் நுனிகள் எந்நேரமும் மாவில் தோய்த்ததுபோல வெளுத்திருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளியின் பேச்சில் ஓர் ஓட்டை விழும்.

அக்கா மடக்குக்கத்தி சேர்ப்பவர். சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி, பிடிக்குள் அலகு மடங்கிக்கொள்கிற சின்னக் கத்திகள். முப்பது வயதில் தொற்றிய பழக்கம். ஒருநாள் செடிகளுக்கு ஒட்டுக் கட்டுகிற ஒருவர், கண்ணாடிக் கால் கழன்றுவிட்டது என்று வந்திருக்கிறார். அக்கா திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து, அதன் முனையால் திருகாணியைத் தானே முடுக்கிவிட்டுக் கத்தியை மூடினார். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம்.

"அந்தச் சத்தம்தான்டி என்னைக் கெடுத்துச்சு" என்பார் அக்கா. "ஒழுங்கா செஞ்ச கதவைச் சாத்தினா வருமே, அது மாதிரி. ரொம்பச் சின்னக் கதவு."

கேட்டு வாங்கிப் பார்த்தாராம். எலும்பில் பிடி, விரல் நீளத்துக்கு அலகு, முதுகுப் பக்கம் ஒரு எஃகு வில். அலகைத் திறக்கப் போனால் அந்த வில் முரண்டு பிடிக்கும்; பாதி தாண்டியதும் அதுவே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும். பூட்டு, பொத்தான் என்று எதுவும் கிடையாது. இரண்டு தகடு, ஒரு அலகு, ஒரு வில், மூன்று ஆணி. அவ்வளவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அரத்தால் ராவி ராவி ஒன்றோடொன்று இழையவிட்டிருந்தார். அதைச் செய்தவர் யார் என்று ஒட்டுக் கட்டுபவருக்குத் தெரியவில்லை. "கத்தி கத்திதானேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு மட்டும் அது அப்படிப் போய்விடவில்லை.

அதற்குப் பிறகு பழைய சாமான் சந்தை, பூட்டுக் கடை, வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசல் என்று எங்கே போனாலும் கண் தரையில்தான் இருக்கும். தொழிற்சாலையில் வந்தது வேண்டாம், கையால் செய்ததுதான் வேண்டும். தன் உள்ளங்கையைவிடப் பெரியது வேண்டாம். யாராவது புழங்கியதாக இருக்க வேண்டும். வாங்கும்போது விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது என்ன வெட்டிச்சு?" மூட்டைக் கயிறு என்பார்கள், கால் நகம் என்பார்கள். ஒருத்தர், "என் மாமனார் பேச்சைத் தவிர எல்லாத்தையும் வெட்டியிருக்கு" என்றாராம். அக்கா அதையும் அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எங்கே, யாரிடம், எந்த மாதம், என்ன வெட்டியது. ஒவ்வொரு கத்திக்கும் நாலு வரி.

அவர் கணவர் வெளியூர் பஸ் டிரைவர். "வீட்டுல இருநூறு கத்தி இருக்கு, வெங்காயம் நறுக்க ஒண்ணு கேட்டா பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்றா" என்று எங்களிடம் புலம்புவார். கணவரின் தமக்கை ஒருமுறை வீட்டுக்கு வந்து கத்திப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஊருல உலகத்துல பொம்பளைங்க துணி சேப்பாங்க, நகை சேப்பாங்க. இவ கத்தி சேக்கறா. நாளைக்கு ஒரு சண்டை வந்தா என் தம்பி எங்க போய் நிப்பான்?"

"சமையக்கட்டுல மட்டும் நிக்க வேண்டாம் அண்ணி. இருக்கறதுலயே பெரிய கத்தி அங்கதான் இருக்கு" என்றார் அக்கா.

இத்தனை கத்திகளில் பதினான்கு மட்டும் தனிப் பெட்டியில் இருந்தன. அலகின் அடியில், திறந்தால் மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு எறும்பு முத்திரை. கடுகளவுதான். மூன்று புள்ளி, ஆறு கால், இரண்டு மீசை. முதல் எறும்பைப் பார்த்தபோது அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறார். பிறகு பன்னிரண்டு வருடத்தில், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளிலிருந்து பதினான்கு சேர்ந்தன. அக்காவைப் பொறுத்தவரை அவற்றைப் போன்ற கத்திகள் வேறில்லை. திறந்தால் அலகு நடுக்கோட்டில் நிற்கும், மூடினால் இரண்டு பக்கமும் உரசாது. செய்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா அவருக்கு எறும்புக்காரர் என்று பெயர் வைத்திருந்தார். எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்றும் முடிவு கட்டியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை கடைக்கு ஃபோன் வந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கணவர் பேசியது எனக்கே கேட்டது.

"எங்க இருக்கே?"

"வேற எங்க இருப்பேன், கடையிலதான்."

"கீழ விழாம உக்காந்துக்கோ. எறும்பைப் பிடிச்சிட்டேன்."

அவருடைய பஸ் போய் நிற்கிற கடைசி ஊரில், நிலையத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு சாவிக் கடை உண்டு. பஸ்ஸின் சாமான் அறைச் சாவி உடைந்துபோனதால் அங்கே போயிருக்கிறார். கடைக்காரர் ஒரு மடக்குக்கத்தியை எடுத்துப் பொட்டலம் பிரித்தார். அதில் எறும்பு. "இது யாரு செஞ்சதுங்க?" என்று கேட்டதற்கு அவர் தலைநிமிராமல், "நான்தான், வேற யாரு?" என்றாராம்.

அடுத்த விடுமுறை நாளிலேயே பதினான்கு கத்திகளையும் ஒரு கம்பளித் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா கணவரின் பஸ்ஸில் போனார். நான்கு மணி நேரப் பயணம். மடியிலிருந்து மூட்டையை இறக்கவே இல்லை என்று பிறகு கணவர் கேலி செய்தார்.

சாவிக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அடர்த்தியான புருவம், இரும்புத் தூள் ஏறிய நகங்கள், தலைக்கு மேல் ஆயிரம் சாவிகள். அக்கா மேசைமேல் துணியை விரித்தார். அவர் கத்திகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"பிடிச்சிருந்துச்சு."

"கத்தியா?"

"செஞ்ச கை."

அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். கையை நன்றாக நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். திறந்தார், காதருகே கொண்டுபோய் மூடினார். முகம் மெல்ல இளகியது. "இதுக்கு எலும்பு கிடைக்காம ஒரு சீப்பை உடைச்சுப் பிடி போட்டேன்." "இது முதல் வருஷத்தது, ஆணி கொஞ்சம் தடியாப் போச்சு." எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருந்தது. "எல்லாம் நம்ம கைதான்மா" என்றார். பன்னிரண்டு வருடம் தேடிய ஆள் எதிரில் உட்கார்ந்து தன் கத்தியை மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினான்காவது, கறுப்பு மரப்பிடி போட்டது. அக்காவுக்கு இருப்பதிலேயே பிடித்தது அதுதான். அவர் அதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெருவிரலை வில்லின் உட்பக்கம் விட்டுத் தடவினார். கை நின்றுவிட்டது.

"இது நான் செஞ்சதில்ல."

"எறும்பு இருக்குதுங்களே?"

"எறும்பு என்னோடதுதான். கத்தி என்னோடது இல்ல." அவர் அதைக் கீழே வைக்கவில்லை. "அரம் ஓடின தடம் சாய்வா இருக்கு பாருங்க. வலது கைக்காரன் ராவினா இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாயுது. என் சம்சாரம் இடது கை."

பிறகு அவராகவே சொன்னார். இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. போன அன்று எறும்பு முத்திரை அடிக்கிற உளியையும் காணவில்லை. ஆத்திரத்தில் எங்கேயாவது எறிந்திருப்பாள் என்று நினைத்தார். உளி இல்லை, கத்தியும் வேண்டாம் என்று சாவிக்கு வந்துவிட்டார். அவள் தன்னந்தனியாக ஒரு கத்தி செய்வாள், அதில் எறும்பும் அடிப்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார்.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?" குரல் மாறியிருந்தது.

"ஞாபகம் இல்லீங்க. வீட்டுல நோட்டுல எழுதியிருப்பேன். பாத்துச் சொல்றேன்."

அக்காவுக்கு ஞாபகம் இல்லாத கத்தி என்று ஒன்று கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் துறைமுக ஊர் ஒன்றில், மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள சந்தையில், பழைய சாமான் விற்கிற ஒற்றைக்காது கேட்காத ஆளிடம் வாங்கியது. அந்த ஆளின் வியர்வை நாற்றம்கூட அக்காவுக்கு ஞாபகம் இருந்தது.

"ஏன்க்கா சொல்லல?" என்று மறுநாள் கேட்டேன்.

"ஒருத்தி இருபத்துநாலு வருஷம் ஒருத்தர் கண்ணுல படாம இருக்கான்னா காரணம் இல்லாமயா இருப்பா? என் நோட்டை வச்சு அவளைப் பிடிச்சுக் குடுக்க நான் யாரு?"

அன்று சாப்பாட்டு வேளையில் அவர் சாப்பிடவில்லை. பின்னறை ஜன்னலோரம் துணியை விரித்து, லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாடி. இந்தக் கோடெல்லாம் எந்தப் பக்கம் சாயுது?"

"வலது பக்கம்."

"இதுல?"

பார்த்தேன். புல் காற்றில் சாய்ந்ததுபோல மெல்லிய கோடுகள். "இடது பக்கம்க்கா."

பதினான்கையும் பார்த்து முடித்தோம். கறுப்புப் பிடியைத் தவிர இன்னும் எட்டுக் கத்திகளில் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மொத்தம் ஒன்பது. அந்த எட்டும், எல்லாம் நம்ம கைதான் என்று அந்த மனிதர் காதருகே வைத்துச் சத்தம் கேட்ட கத்திகள்.

"அப்போ அவரு பொய் சொல்லியிருக்காரு" என்றேன்.

"கண்ணு சரியில்ல அவருக்கு. கையை அவ்வளவு நீட்டி வச்சுப் பாத்தாரு. மூணு பவர் இருக்கும்."

"அப்போ பொய் இல்லையா?"

அக்கா பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியலடி" என்றார். பன்னிரண்டு வருடமாக ஒரே மனிதனின் கை என்று நம்பி, தனிப் பெட்டி கொடுத்து, அந்தக் கையோடு ஒருவகையில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அதில் பெரும்பாதி வேறொருத்தியின் கை என்று தெரிந்தபோது ஏமாந்துபோன மாதிரியும் இருந்தது, அவளிடம் தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரியும் இருந்தது என்று பின்னால் சொன்னார்.

கணவருக்கு ஓய்வு கிடைத்த நாளில் இருவரும் துறைமுக ஊருக்குப் போனார்கள். காது கேட்காத ஆள் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். கறுப்புப் பிடிக் கத்தியைக் காட்டியதும், "இடதுகை அம்மாவோடதுல்ல இது!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். தார்ப்பாய்க் கடைக்குப் பின்னால் சந்தில் போனால் அரம் ராவுகிற சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம் என்றார்.

கேட்டது. நீளமான அறை, இரண்டு பக்கமும் ஜன்னல். சுவரில் அரங்கள் பருமன் வாரியாகத் தொங்கின. எது எதென்று தெரிய ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு நிறத்தில் துணி சுற்றியிருந்தது. நடுத்தர வயதுப் பெண்கள் இருவர் பிடிக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தார்கள். மேசை நிறையக் கத்திகள். வலை பின்னுகிறவர்களுக்கானவை, முனை மொட்டையாக, கண்ணியைக் கிழிக்காத மாதிரி. உள்ளே, இரும்பைக் கவ்வும் பிடிப்பானில் எஃகு வில் ஒன்றை மாட்டி இடது கையால் ராவிக்கொண்டிருந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும்.

அக்கா துணியை விரித்தார். அந்த அம்மாவின் கை நின்றது. கத்திகளைப் பார்த்தார், அக்காவின் பின்னால் நின்ற கணவரைப் பார்த்தார்.

"அவரு அனுப்பினாரா?"

"இல்லீங்க. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது. உங்களைக் கேக்காம எதுவும் சொல்லக் கூடாதுன்னு வந்தேன்."

"இவரு யாரு?"

"என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டறாரு."

"வெளிய நிக்கச் சொல்லுங்க."

கணவர் வெளியே போய்த் தார்ப்பாய்க் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா அரத்தைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார். கத்திகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எடையை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துப் போட்டார். சீட்டுப் போடுகிற வேகம்.

"இந்த ஒன்பது என்னோடது. அந்த அஞ்சு அவரோடது."

பூதக்கண்ணாடி வைத்து அக்கா ஒரு மணி நேரம் பார்த்துக் கண்டுபிடித்த அதே ஒன்பது.

"எறும்பை வரைஞ்சதே நான்தான்" என்றார் அந்த அம்மா. "பட்டறை மேசையில எறும்பு போயிட்டே இருக்கும். அதைப் பாத்து ஒரு காகிதத்துல வரைஞ்சேன். அவரு நல்லா இருக்கேன்னு உளி வெட்டினாரு. வெட்டினது அவரு. அதையும் சொல்லணும்ல."

சாவிக்காரரைச் சண்டைக்காரர் என்றோ கை நீட்டுகிறவர் என்றோ அந்த அம்மா சொல்லவில்லை. நல்ல வேலைக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், வேலை கற்றுக்கொள்ள அவளை எந்த நாளும் தடுத்ததில்லை. யாராவது கத்தியை எடுத்து, இது யார் செய்தது என்று கேட்டால் மட்டும் "நான்தான்" என்பார். அப்படியே பழகிவிட்டது. ஒருநாள் தூரத்து ஊர் வியாபாரி ஒருவர் வந்தார். மேசையிலிருந்த கத்திகளில் ஒன்றை எடுத்து, "இப்படி ஒரு வில்லை நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். தகடு வெட்டியதிலிருந்து பளபளப்பு ஏற்றியது வரை அவள் ஒருத்தியே செய்த கத்தி அது. அவள் பக்கத்தில் டீ தம்ளரோடு நிற்கிறாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான்" என்றார்.

"வியாபாரி போனப்புறம் கேட்டேன். என்னோடதுக்கு வேற ஒரு முத்திரை வச்சுக்கறேன்னு சொன்னேன். சிரிச்சாரு. 'எறும்புகிட்ட யாராவது ஆம்பளையா பொம்பளையான்னு கேப்பாங்களா'ன்னாரு. நல்ல ஜோக்குதான். எனக்குத்தான் சிரிப்பு வரல. ரெண்டு நாள் பாத்தேன். மூணாம் நாள் காலையில உளியை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்."

இங்கே வந்து செய்த முதல் கத்திதான் அந்தக் கறுப்புப் பிடி. பழக்கத்தில் எறும்பை அடித்துவிட்டார். அடித்த பிறகு பார்த்தால் சாவிக்காரர் பேர் எழுதிய மாதிரி இருந்ததாம். அதோடு உளியைப் பெட்டியில் போட்டுவிட்டார். இப்போது அவருடைய கத்திகளில் ஒரே ஒரு சாய்ந்த கோடுதான் முத்திரை. ஊரில் யாரும் அது யார் செய்தது என்று கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

"அவருகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் அக்கா.

அந்த அம்மா அரத்தை மறுபடி கையில் எடுத்தார். "எடம் சொல்ல வேண்டாம். ஒன்பதுன்னு சொல்லுங்க. அது போதும்."

பத்து நாள் கழித்து அக்கா மறுபடி சாவிக் கடைக்குப் போனார். போகும்முன் பின்னறையில் உட்கார்ந்து மூன்று பவரில் ஒரு படிக்கிற கண்ணாடி செய்து எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "தெரியாம சொன்னாரா, தெரிஞ்சே சொன்னாரான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

சாவிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தன் கையைத்தான் பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு கிழடு தட்டிப்போச்சா" என்றார். அக்கா கத்திகளைப் பரப்பினார். சுற்றி வளைக்காமல், "அவங்களைப் பாத்தேன். எடம் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. இதுல ஒன்பது அவங்க செஞ்சதுன்னு மட்டும் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கண்ணு தெரியாமத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்னு நினைச்சு இதைச் செஞ்சுட்டு வந்தீங்களா? விரலுக்கு அன்னைக்கே தெரிஞ்சுதும்மா. வாய்தான் சொல்லல. அந்த வாய்க்கு அது ஒண்ணுதான் பழக்கம்."

பஸ் நிலையத்தில் யாரோ ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீப்பை உடைத்துப் பிடி போட்ட கத்தியைத் தேடி எடுத்தார்.

"ஒன்பது இல்ல. பத்து."

"அதுல கோடு வலப்பக்கம்தானே சாயுது? அவங்களே இதை உங்க பக்கம் போட்டாங்க."

"அந்த மாசம் அவளுக்கு இடது உள்ளங்கையில தகடு கிழிச்சிருச்சு. ஏழு தையல். வேலை நிக்கக் கூடாதுன்னு வலது கையால ராவினா. சும்மா இருன்னு சொன்னாலும் கேக்க மாட்டா. அவளே மறந்திருப்பா." கத்தியைத் திறந்து காட்டினார். கோடுகள் வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தன. ஆனால் அக்கா உற்றுப் பார்த்தபோது அவை ஒரே சீராக இல்லை. புதிதாக எழுதப் பழகுகிறவர் கையெழுத்துப்போல அங்கங்கே தடுமாறியிருந்தன. "சீப்பை உடைச்சது மட்டும்தான் நான்" என்றார்.

கிளம்பும்போது கேட்டார், "நல்லா இருக்காளா?"

"வேலை நிறைய இருக்கு அவங்களுக்கு."

"எடத்தை மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா போய் நின்னுடுவேன்."

அந்தப் பத்தாவதை எடுத்துக்கொண்டு அக்கா மூன்றாவது முறையாக விடுமுறை கேட்டபோது முதலாளி, "அக்கா, நீங்க கத்தி சேக்கறீங்களா, குடும்பம் சேக்கறீங்களா?" என்று கேட்டார். இந்தமுறை நானும் கூடப் போனேன். அந்த அம்மாவை எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அக்கா சீப்புப் பிடிக் கத்தியை மேசையில் வைத்து, சாவிக்காரர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அந்த அம்மா இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு. கத்தியை வாங்கி வில்லைத் தடவினார். அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

"எவ்வளவு கோணலா ராவியிருக்கேன் பாருங்க! இதையா அவரு ஞாபகம் வச்சிருக்காரு?"

சிரிப்பு நின்ற பிறகும் கத்தியைத் திருப்பித் தரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் வேலை செய்த பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இதை இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா ஒரு கத்தியையும் யாருக்கும் கொடுத்ததில்லை. நல்ல விலைக்குக் கேட்டவர்களிடம், "என்கிட்டயே எனக்குப் பத்தல" என்று சொல்லி அனுப்பியவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வச்சுக்கங்க" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். "எடம் கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா சொல்ல வேண்டாம்" என்றார்.

அவர் கேட்கவில்லை. அக்கா ஒரு கடிதத்தில் இந்தச் செய்தியை மட்டும் எழுதி, சாவிக்காரரிடம் சேர்க்கும்படி கணவரிடம் கொடுத்தனுப்பினார்: கேட்டால் சொல்லலாம் என்று சொன்னார்கள். அதற்கும் அவர் கேட்கவில்லை. மூன்று மாதம் போனது. கணவர் வாரத்தில் நான்கு நாள் அந்த நிலையத்துக்குப் போகிறவர். ஒவ்வொரு முறையும் சாவிக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கும் வாயைத் திறக்கல" என்பார். பிறகு ஒருநாள், பஸ் கிளம்பப் போகிற நேரத்தில், சாவிக்காரர் டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"எந்த ஊருங்க அது?"

சொன்னார். அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்பதை அந்த அம்மாவே அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வாங்க என்றதும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அறையில் மாட்டியிருந்த கத்திகளை எல்லாம் பார்த்தார். பிறகு அங்கே வலைக்காகக் கத்தி வாங்க வந்திருந்த ஆளிடம் தானாகவே சொன்னாராம், "இதெல்லாம் இவங்க செஞ்சது." அந்த ஆள், "அது எங்களுக்குத் தெரியாதா, நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் சிரிப்பு ஃபோனுக்கு வெளியே கேட்டது.

மத்தியானம் சாப்பிடச் சொன்னாராம். சாப்பிட்டார். பிறகு பிடிப்பானில் மாட்டியிருந்த வில் ஒன்றை அவர் ஒரு மணி நேரம் ராவிக் கொடுத்தார். அலகை அம்மா முடித்தார். சாவிக்காரர் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒன்றாக இருப்பதாக இருவரும் பேசவில்லை. அந்தப் பேச்சு வரும் என்றும் அக்காவுக்குத் தோன்றவில்லை.

"அந்தக் கத்திக்கு எந்த முத்திரை அடிச்சீங்க?" என்று அக்கா கேட்டார். அதைத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணும் அடிக்கல. வெறுந்தகடாதான் இருக்கு."

அக்கா ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் குழைந்து, அவர் யாரிடமும் பேசி நான் கேட்டிராத ஒரு குரலில், "அதை எனக்குக் குடுத்துடுறீங்களா?" என்றார்.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா ஃபோனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ச் சாணைச் சக்கரத்தை ஓடவிட்டார். காத்திருந்த லென்ஸை எடுத்து விளிம்பைத் தண்ணீரில் நனைத்தார்.

"என்னக்கா சொன்னாங்க?"

"மாட்டாங்களாம்" என்றார் அக்கா, சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."